மதினி ஊட்டிய மருந்து

டெங்கு என்றுதான் என் வீட்டுக்காரர் அமலன் நினைத்தார். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் அப்போது நாலைந்து பேருக்கு டெங்கு வந்து, லிஃப்ட் வாசலில் எச்சரிக்கை நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். எனக்கோ உடம்பெல்லாம் நடுக்கம், தலையணை நனைகிற வியர்வை, வாந்தி. வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை. டாக்ஸியில் வழி நெடுக என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிளட் எடுத்துப் பாத்தா தெரிஞ்சிரும், பயப்படாத" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாவம் மனுஷன். அது கொசு கடித்து வந்த நோய் இல்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு நாளைக்கு முன்னால்தான் நான் குடிப்பதை நிறுத்தியிருந்தேன்.

ஆமாம், குடிதான். நாசூக்காகச் சொல்ல வேறு வார்த்தை தேடி அலுத்துவிட்டது. என் பெயர் ஸ்டெல்லா, கல்யாணமாகிக் கடல் தாண்டி இங்கே வந்த தூத்துக்குடிக்காரி. ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை, அதுவும் அமெரிக்கா நேரத்தில். காலையில் வேலை முடிந்தால் தூக்கம் வராது. தூங்குவதற்கு ஒரு டம்ளர் என்று ஆரம்பித்தது, பிறகு எழுந்திருப்பதற்கும் ஒரு டம்ளர் என்றானது. வோட்காவைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி மேசைமேல் வைத்துக்கொள்வேன். அமலன் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர், விடிவதற்குள் கிளம்பிவிடுவார். பார்க்க யார் இருக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடுகிறவள் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? தமிழ்க் கடைகள் இருக்கிற தேக்காவுக்குப் பின்னால் நான் பாட்டில் வாங்குகிற கடைக்காரர், "சாருக்கா அக்கா? டூட்டி முடிஞ்சு வந்துட்டாரா?" என்று கேட்பார். நான் சிரித்துவைப்பேன். பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடாத மனுஷனுக்கு அந்தத் தெருவில் நான் வாங்கிக் கொடுத்த பெயர் அது.

பிள்ளை உண்டானது தெரிந்ததும் விட்டுவிடுவேன் என்றுதான் நினைத்தேன். விட முடியவில்லை. செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் நர்ஸ் எல்லாரிடமும் கேட்பதுபோல, "சிகரெட், மது உண்டா?" என்று கேட்பார். கேட்டு முடிப்பதற்குள் "இல்லை" என்பேன். ஐந்தாம் மாத ஸ்கேனில் பிள்ளை கையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டது. "வெட்கப்படுது பாருங்க" என்று ஸ்கேன் எடுத்த பெண் சிரித்தாள். எனக்கு அது வெட்கமாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து இருந்ததையெல்லாம் சிங்க்கில் கொட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. தானாக வந்ததை நானாகவே துரத்திவிடலாம் என்ற திமிர்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் நடுத்தர வயதுச் சீன அம்மா. என் கைகளை நீட்டச் சொல்லி விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிவு செய்கிற இடத்தில் ஏதோ கையெழுத்து வேண்டும் என்று அமலனை வெளியே அனுப்பிவிட்டு, திரையை இழுத்துவிட்டு, "கடைசியாக எப்போது குடித்தாய்?" என்று கேட்டார். குடிப்பாயா என்று கேட்டிருந்தால் வழக்கம்போல இல்லை என்றிருப்பேன். அவர் கேட்டவிதத்தில் அந்தப் பொய்யை வைக்க இடமே இல்லை. சொல்லிவிட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. நர்ஸைக் கூப்பிட்டு ஊசி போடச் சொன்னார்.

டாக்டர் பிறகு எனக்கு விளக்கியதை இங்கே எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும். தினமும் மது போகிற உடம்பில் மூளை அதற்கு எதிராகத் தன்னை முறுக்கிவைத்துக்கொண்டே இருக்குமாம். திடீரென்று மது நின்றால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சும். அதுதான் நடுக்கம், வியர்வை. அதற்கு மேல் போனால் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், வலிப்பு வரும், தாய்க்கும் பிள்ளைக்கும் உயிருக்கே ஆபத்து. அதனால் ஆஸ்பத்திரியில் வைத்து, நரம்பை அடக்குகிற மாத்திரையை முதலில் கூட்டிக் கொடுத்து, மெல்ல மெல்லக் குறைப்பார்கள். குடிக்கிறவர்கள் உடம்பில் வறண்டுபோகிற ஒரு வைட்டமினை டிரிப்பில் ஏற்றுவார்கள். "நீ நிறுத்தியது நல்லது. எங்களிடம் சொல்லாமல் நிறுத்தியதுதான் ஆபத்து" என்றார் டாக்டர்.

வார்டில் இருந்த நாட்களில் கூரையிலிருந்து எறும்பு இறங்கியது. கறுப்பாக, சாரையாக, சுவர் வழியாக, கட்டில் கால் வழியாக ஏறி என் வயிற்றுக்குள் போனது. நர்ஸிடம் காட்டினால் அவள் போர்வையை உதறிக் காட்டுவாள். போர்வைக்குள் ஒன்றும் இருக்காது. மறுபடி படுத்தால் சாரை அதே இடத்திலிருந்து தொடரும். மாத்திரை வேலை செய்து எறும்பெல்லாம் போய்விட்டது. ஆனால் ஒரு சத்தம் போகவில்லை. பக்கத்துக் கட்டிலில் யாராவது புது மினரல் வாட்டர் பாட்டில் மூடியைத் திருகினால், சீல் உடைகிற அந்தச் சின்ன 'கிறிச்' என் பின்மண்டையில் கேட்கும். வாயில் எச்சில் ஊறும்.

அமலனிடம் டாக்டரே சொன்னார். இவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினார். பிறகு, "ஒரே வீட்லதான இருந்தேன் ஸ்டெல்லா" என்றார். அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த நாள் தேக்காவில் இடியாப்பம் வாங்கிக்கொண்டு வந்தார். தண்ணீர் பாட்டிலை மட்டும் வராந்தாவுக்கு எடுத்துக்கொண்டுபோய் அங்கேயே திறந்து, பிறகு உள்ளே கொண்டுவந்தார். நான் சொல்லவே இல்லை, நான் திடுக்கிடுவதை எப்போது கவனித்தாரோ. டிஸ்சார்ஜ் அன்று பில்லைப் பார்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எவ்வளவு என்றேன். "கட்டிரலாம், நீ நட" என்றார்.

அந்த ஆஸ்பத்திரியின் சமூக ஊழியர் ஷாலினி, இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். என்னைப்போல வருகிற கர்ப்பிணிகளைக் கவனிப்பதுதான் அவள் வேலை. உபதேசம் செய்யமாட்டாள், கேள்விதான் கேட்பாள், இந்த ஊர் வழக்கப்படி பேச்சுக்கு நடுவே ஒரு 'லா' போட்டு.

"அக்கா, பேபி வந்தப்புறம் வீட்ல யாரு ஹெல்ப் பண்ணுவாங்க?"

"இவரோட அக்கா. ரோஸ்லின் மதினி."

"அவங்களுக்குத் தெரியுமா?"

நான் அமலனைப் பார்த்தேன். அவர், "இவளுக்கு பிரஷர்னு அக்காகிட்ட சொல்லிருக்கேன்" என்றார்.

"அங்கிள், டுவென்டிஃபோர் அவர்ஸ் கூட இருக்கப் போறவங்க லா. அவங்களுக்குத்தான் ஃபர்ஸ்ட் தெரியணும்."

"அக்காவுக்கு மட்டும் வேண்டாம்மா. அவளுக்குத் தெரிஞ்சா கோயிலுக்கே தெரிஞ்ச மாதிரி."

நானும் வாயைத் திறக்கவில்லை. ரோஸ்லின் மதினி கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, கேலாங் பக்கம் வீடு, இப்போது தனியாகத்தான் இருக்கிறார். தம்பியை இங்கே வரவழைத்து, வேலை தேடிக் கொடுத்ததும், என்னைப் பெண் பார்க்க வந்ததும் அவர்தான். "தம்பிக்கு மகாலட்சுமி மாதிரி பொண்ணு" என்று சொல்லிவிட்டு, உடனே, "சேசுவே, மாதா மாதிரின்னு சொல்ல வந்தேன்" என்று திருத்தியவர். அவர் கண்ணில் நான் குடிகாரியாகத் தெரிவதைவிடச் செத்துப்போகலாம் என்று எனக்குத் தோன்றியது.

மீதி மாதங்கள் ஷாலினி கையைப் பிடித்துக்கொண்டு ஓடின. கிளினிக், கவுன்சலிங், ரத்தம், மறுபடி கிளினிக். ஒரு சொட்டு தொடவில்லை. ஆக்னஸ் பிறந்தாள். எடை குறைவு, ஆனால் தானாக மூச்சுவிட்டாள், தானாக அழுதாள். சில நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார்கள். குழந்தை டாக்டர் அவள் மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தை விரல்நுனியால் தொட்டுப் பார்த்தார். தாய் குடித்திருந்தால் சில பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளம் இல்லாமல் வழுவழுவென்று இருக்குமாம். அப்படி வழுவழுவென்று இருந்தாலும் அதை மட்டும் வைத்து ஒன்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. பள்ளம் நன்றாகத் தெரிந்தாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. பேச்சு, படிப்பு, புத்தி எல்லாம் எப்படி வருகிறது என்று வருஷக்கணக்கில் பார்க்க வேண்டும். "இப்போது சொல்ல முடியாது" என்றார். அந்த மூன்று வார்த்தை எங்களோடு டாக்ஸியில் ஏறி வீட்டுக்கு வந்தது. பால் கொடுக்கும்போதெல்லாம் அந்தப் பள்ளத்தைப் பார்ப்பேன். காலையில் இருப்பதுபோல இருக்கும், மாலை வெளிச்சத்தில் இல்லாததுபோல இருக்கும். ரோஸ்லின் மதினி எட்டிப் பார்த்து, "எங்க அப்பா வாயி அப்படியே உரிச்சு வச்சிருக்கு" என்பார்.

நாங்கள் வருவதற்கு முன்பே அமலன் வீட்டைச் சலித்திருந்தார். இருமல் மருந்து, மவுத்வாஷ், கேக்குக்கு ஊற்றுகிற எசென்ஸ், அவருடைய சென்ட் பாட்டில் வரைக்கும் எல்லாம் போய்விட்டது. எல்லா அலமாரியையும் பார்த்த மனுஷனுக்கு வாசல் வழியாக வரப்போவது தெரியவில்லை.

மதினி ஒரு பெரிய கண்ணாடி ஜாடியோடு வந்தார். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்து. தேக்காவில் கடை கடையாக ஏறி இறங்கி சுக்கு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம், பூண்டு, கருப்பட்டி எல்லாம் வாங்கி, நல்லெண்ணெய் விட்டுக் கிண்டியது.

"வாயத் தொற புள்ள. கை கழுவிட்டேன்."

ஊரில் எங்கள் வீட்டில் கிண்டுவது எண்ணெயும் கருப்பட்டியும்தான். அந்த நினைப்பில் வாயைத் திறந்தேன். நாக்கில் பட்டதும் முதலில் காரம், பிறகு இனிப்பு, அதற்குப் பின்னால் அது. பிராந்தி. மதினி ரொம்பப் பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

"கொதிக்கயில ஊத்துனா வீரியம் போயிரும். எறக்கி ஆற வச்ச பெறவுதான் ஊத்தணும். இங்க எல்லாரும் அப்படித்தான் லா குடுப்பாங்க. எனக்கும் என் மாமியா அப்படித்தான் குடுத்தாங்க. வாயு சேராது, ரத்தம் ஊறும்."

துப்புவதற்கு எனக்கு நேரம் இருந்தது. அதைத்தான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் வாஷ்பேசின், மடியில் துண்டு, ஒரு குமட்டல் குமட்டினால் மதினியே முதுகைத் தடவிக் கொடுத்திருப்பார். நான் விழுங்கினேன். மருந்துதானே, அவர்தானே கொடுத்தார், நானா கேட்டேன் என்று எனக்குள் ஒருத்தி வக்கீலைப்போலப் பேசினாள்.

மறுநாள் மதினியின் செருப்புச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். அதற்கடுத்த நாள், "மதினி, இன்னும் கொஞ்சம்" என்றேன். "பாத்தியா, மருந்து புடிச்சிருச்சு!" என்று அவர் பூரித்துப்போய் இன்னொரு உருண்டை ஊட்டினார். செக்கப்புக்குக் கூட வந்தபோது நர்ஸ், மது ஏதாவது உண்டா என்று கேட்டார். மதினிதான் முந்திக்கொண்டு, "சேச்சே, எங்க குடும்பத்துல அந்தப் பழக்கமே கெடையாது" என்றார். அவர் மனசறிந்து சொன்ன பொய் இல்லை அது. மருந்தில் விழுந்துவிட்டால் பிராந்தி அவருக்கு மது இல்லை, மருந்து. நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன்.

ஒரு நாள் மதினிக்குக் கோயிலில் ஏதோ வேலை, வரவில்லை. "வாரம் பூரா போதுற மாதிரி நேத்து உங்க வீட்லயே கூட ஊத்தி ஊற வச்சிருக்கேன், நீயே எடுத்துச் சாப்புடு" என்று போனில் சொன்னார். அமலன் வேலைக்குப் போயிருந்தார். ஆக்னஸ் பாலுக்கு அழ ஆரம்பித்தாள். ஒரு வாய் எடுத்துக்கொண்டு போகலாம் என்று அடுப்படிக்குப் போனேன். ஜாடியைத் திறந்தால் மருந்து அடியில் கெட்டியாக இருக்க, மேலே கறுப்பாகச் சாறு நின்றது. ஜாடியைச் சாய்த்துக் குடித்தேன். சாறு தீர்ந்ததும் சிங்க்குக்கு அடியில் குனிந்து தேடினேன். மதினி மீதி பிராந்தியை எண்ணெய் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்திருந்தார். மூடியைத் திருகியது ஞாபகம் இருக்கிறது.

அடுத்து எனக்கு ஞாபகம் இருப்பது வீட்டின் அமைதி. ஆக்னஸ் அழவில்லை.

அடுப்படியிலிருந்து படுக்கையறைக்கு எத்தனை தூரம்? இந்த ஊர் வீட்டில் எட்டிப் பிடிக்கிற தூரம். அந்தத் தூரத்தை நான் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். தொட்டிலில் அவள் கண்ணை மூடியிருந்தாள். முகமெல்லாம் சிவந்து, கைவிரல்கள் விறைத்து மடங்கியிருந்தன. நான் கன்னத்தைத் தொட்டதும் உடம்பு முழுக்கக் குலுங்க ஒரு விக்கல் விக்கினாள். மூச்சு இருந்தது. அழுது அழுது ஓய்ந்துபோய்த் தூங்கியிருக்கிறாள். எவ்வளவு நேரம் அழுதாள் என்று எனக்குத் தெரியாது. அழும்போது யார் வருவார்கள் என்று பார்த்தாளோ, அதுவும் தெரியாது. இதைச் சொல்ல உலகத்தில் யாருமே இல்லை, அவளுக்கும் எனக்கும் மட்டும் நடந்த விஷயம் அது.

தூக்கப் போனேன். கையை நீட்டியபிறகுதான் என் கால் தள்ளாடுவது தெரிந்தது. தூக்கவில்லை. தொட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஷாலினிக்குப் போன் அடித்தேன். நாக்கு குழறியது. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

"அக்கா, பேபி மூச்சு விடுதா? சரி. பால் குடுக்காதீங்க. தூக்க வேணாம். பக்கத்துலயே உக்காருங்க, போன வைக்காதீங்க. நான் ஆம்புலன்ஸ் சொல்றேன், அங்கிளுக்கும் சொல்றேன்." ஆள் வரும் வரைக்கும் பேசிக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை அங்குலம் அங்குலமாகப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறாள், இன்றைக்கு இங்கேயே வைத்துப் பார்ப்போம் என்றார்கள். தாய் குடித்தால் பாலிலும் அது போகும் என்று ஒரு நர்ஸ் பொறுமையாக விளக்கினாள். பீய்ச்சிக் கொட்டினால் போய்விடாது, ரத்தத்திலிருந்து இறங்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அதுவரை டப்பா பால். இத்தனை நாளும் என்ன குடித்தாள் என் பிள்ளை என்று நினைத்ததும் சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

ஷாலினி எங்களிடம் ஒளிக்காமல் சொன்னாள். "இனிமே கொஞ்ச நாளைக்கு அக்கா தனியா பேபிகூட இருக்கக் கூடாது. விவரம் தெரிஞ்ச பெரியவங்க யாராவது வீட்லயே இருக்கணும். அப்படி ஆள் இல்லன்னா, பேபிய வேற எடத்துல வைக்கிறதப் பத்திப் பேச வேண்டி வரும்."

அப்போதுதான் மதினி காத்திருப்பு அறைக்குள் ஓடிவந்தார், கோயிலிலிருந்து நேராக, முக்காட்டுத் துணியோடு. "என்ன ஆச்சு? ஏ அமலா, பிள்ளைக்கு என்னல? நான் ஒண்ணும் குடுக்கலயே, மருந்து மட்டுந்தான குடுத்தேன்!"

"ஒண்ணுமில்லக்கா, இவளுக்கு மறுபடி பிரஷர்..." என்று அமலன் ஆரம்பித்தார்.

"பிரஷர் இல்ல மதினி" என்றேன். "நான் குடிப்பேன். கல்யாணத்துக்கப்புறம் பழகுனது. பிள்ள வயித்துல இருக்கயிலயும் குடிச்சேன். ஆஸ்பத்திரில சேந்து நிப்பாட்டுனேன். மருந்துல இருந்தது பிராந்தின்னு மொத வாயிலயே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் முழுங்குனேன்."

மதினிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபிறகு கத்தவில்லை. தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். "என் கையால ஊட்ட வச்சிட்டியளே" என்றார். "ரெண்டு பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. என் கையால ஊட்ட வச்சிட்டியளே, பாவிகளா." அமலன் "அக்கா" என்று தொடப்போனார். மதினி அந்தக் கையைத் தட்டிவிட்டு வெளியே போய்விட்டார்.

நானும் மறுபடி அட்மிட் ஆனேன். மாத்திரை, டிரிப், கவுன்சலிங் எல்லாம் முதலிலிருந்து. அமலன் லீவு போட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். லீவு முடிந்தால் என்ன செய்வது என்று இரண்டு பேரும் பேசவே இல்லை. பேசினால் ஷாலினி சொன்னது நடந்துவிடும்போல இருந்தது. எறும்பு இந்தத் தடவை வரவில்லை. அதற்குப் பதிலாக வீட்டின் அந்த அமைதி வந்தது. வார்டில் யாரும் பேசாத நேரமெல்லாம் எனக்கு உடனே எழுந்து பார்க்க வேண்டும், யாரோ அழுது ஓய்ந்துபோனது மாதிரி.

வீட்டுக்குத் திரும்பியபோது கதவைத் திறந்தது மதினி. ஹாலில் அவருடைய பெட்டி, பாய், தலையணை. கேலாங் வீட்டைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆக்னஸ் அழுதாள். மதினி அவளைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"வாயத் தொற."

திறந்தேன். குனிந்து, என் முகத்தோடு முகம் வைத்து, நன்றாக மூச்சை இழுத்து மோந்து பார்த்தார். அதன்பிறகுதான் பிள்ளையை என் கையில் கொடுத்தார்.

அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். பாலுக்கு, குளிப்பாட்டுவதற்கு, சும்மா கொஞ்சுவதற்கு. அமலன் ஒரு நாள், "அக்கா, போதும்க்கா, மனுஷிதான அவ" என்றார். "நீ வாய மூடிட்டு இருந்து பாத்தாச்சுல்ல?" என்று மதினி கேட்டார். அமலன் எழுந்து போய்விட்டார். எனக்கு முதல் வாரம் முழுக்க அவமானம், ஆத்திரம். மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்ப்பதுபோல என்ன இது என்று பொருமினேன். ஆனால் பிள்ளை கைக்கு வரும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்தேன். மதினி மோந்து பார்த்துக் கொடுத்தபிறகு பிள்ளையை வாங்க எனக்குப் பயமில்லை. இன்னொருத்தர் பார்த்துவிட்டார், சரி என்று சொல்லிவிட்டார், இப்போது இவள் என்னிடம் இருக்கலாம் என்று உடம்புக்குத் தெரிகிறது. மருந்தும் மறுபடி கிண்டினார், வெறும் நல்லெண்ணெயில். தான் ஒரு உருண்டையைத் தின்றுவிட்டுத்தான் எனக்கு ஊட்டினார். மெல்ல மெல்லப் பேச்சும் வந்தது, கோயில் கதை, விலைவாசி, பக்கத்து வீட்டு நாய்.

ஆக்னஸுக்கு இப்போது குப்புற விழத் தெரியும். சத்தம் வந்த பக்கம் திரும்புகிறாள். டாக்டர் இன்னும் அதே மூன்று வார்த்தையைத்தான் சொல்கிறார். நானும் குடிக்காமல் இருக்கிறேன். நாளைக்கும் அப்படியே இருப்பேனா என்று யாராவது கேட்டால் டாக்டர் சொல்கிற பதிலைத்தான் நானும் சொல்ல வேண்டியிருக்கும்.

நேற்று மத்தியானம் மதினி அடுப்பில் மீன்குழம்பை வைத்துவிட்டு, ஆக்னஸை இடுப்பில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார். குழம்பு பொங்கிவிட்டது. "ஏ ஸ்டெல்லா, இந்தா புடி, புடி!" என்று பிள்ளையை அப்படியே என் பக்கம் நீட்டினார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, கண்ணெல்லாம் அடுப்பின்மேல். ஆக்னஸ் என்னைப் பார்த்துச் சிரித்தபடி இரண்டு கையையும் விரித்தாள்.

நான் கையை நீட்டவில்லை.

"மோந்து பாத்துட்டுக் குடுங்க, மதினி" என்றேன்.